கரைப் படமும் கரை கட்டிய கைகளும்

கடற்கரையைப் படம் பிடிப்பது இந்நாளில் எல்லோர்க்கும் எளிதாகிவிட்ட கலை. படகு, அலை, மாலை வெயில் மூன்றும் ஒரு சட்டத்துள் அடங்கிவிட்டால் "ஆகா!" என்கிறோம், அத்துடன் படத்தைப் பற்றிய நமது ஆராய்ச்சியும் முடிந்துவிடுகிறது. நாம் கேட்க விரும்புவது வேறு. சிங்கப்பூர்க் கரையைக் காட்டும் படத்திற்கு அழகு மட்டும் போதுமா? போதாது என்பதே நமது துணிபு. பல ஊர்களில் கரை இயற்கை வகுத்தது. இவ்வூரிலோ பெரும்பகுதி மனிதன் கட்டியது. 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராயிருந்த நிலப்பரப்பு இன்று 730க்கு மேற்பட்டிருப்பது கடலைத் தூர்த்ததனால் அன்றோ? கட்டிய கரை என்றால் கட்டியவன் ஒருவன் உண்டு. அவனைப் படம் சொல்லுகிறதா என்பதே கேள்வி.

1843 இவ்வூர் வரலாற்றில் விந்தையான ஆண்டு. ஆற்று முகத்துவாரத்தில், எவரும் படித்தறியாத எழுத்துக்களைத் தாங்கி நின்ற பழங்கல்லைக் கோட்டை வேலைக்காக வெடி வைத்துத் தகர்த்தது அவ்வாண்டில். டுட்ரோன்குவா என்னும் ஓட்டல்காரர், தாம் நிழற்படம் எடுத்துத் தருவதாக இவ்வூர்ப் பத்திரிகையில் விளம்பரம் செய்ததும் அதே ஆண்டில். கல்லின் துண்டொன்று பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. அது நின்ற கோலத்தைக் காட்டும் நிழற்படம் இல்லை. அடுத்த ஆண்டாகிய 1844இல், பிரெஞ்சுக்காரரான ஜூல் இட்டியே குன்றின் மேலிருந்து ஆற்றையும் போட் கீயையும் வெள்ளித் தகட்டில் பிடித்தார். எஞ்சியுள்ள சிங்கப்பூர்ப் படங்களுள் மிகப் பழையவற்றுள் அஃது ஒன்று.

அக்காலத் தகடுகள் ஒளியை மெதுவாகவே வாங்கின. ஆதலின் அசையாத கட்டிடம் பதிந்தது. அசைந்த மனிதன் மங்கினான், அல்லது மறைந்தான். அந்நாளில் அவ்வாற்றில் சரக்குப் படகு செலுத்தியவருள் தென்னிந்தியச் சூலியா மக்கள் முன்னின்றனர். நின்ற பண்டகசாலைக்குப் படத்தில் இடம் கிடைத்தது. ஓயாது துடுப்புப் போட்டவனுக்குக் கிடைக்கவில்லை. இது கருவியின் குறை; படம் பிடித்தவர்மேல் பழியில்லை.

ஆனால் 1867இல் இங்கே கடை திறந்த ஜெர்மானியர் லாம்பெர்ட்டின் நிறுவனத்திற்கு இவ்விலக்குப் பொருந்தாது. காலியர் கீயின் வரிசைக் கட்டிடங்களையும் கப்பல் நிறைந்த துறையையும் அந்நிறுவனம் பிடித்த அழகை நாம் மறுக்கவில்லை. அத்தகைய படங்கள் இன்றேல் பழைய கரையைக் காண நமக்கு வழியேது? குறை படத்திலன்று, தலைப்பில் இருக்கிறது. தெருவுக்குப் பெயர் உண்டு, கட்டிடத்திற்குப் பெயர் உண்டு. தமிழனைத் தனியே நிறுத்திப் பிடித்தாலோ, இன்ன இனத்தான் என்ற முத்திரை மட்டுமே. காலியர் கீயின் கடற்சுவர் 1861 முதல் 1864 வரை எழுந்தது. அதற்குப் பெயர் தந்தவர் தலைமைப் பொறியாளர் காலியர். அதற்கு உழைத்தவர்கள் இந்தியாவிலிருந்து கொணரப்பட்ட கைதிகள். 1825 முதல் 1873 வரை இவ்வூர்ச் சாலைகள் பலவும் அவர்கள் உழைப்பே. 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் அவர்கள் கையால் எழுந்ததே.

நமக்கு நெருங்கிய இடங்களையே பாருங்கள். தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்த நாகூர் தர்கா கடலோரத்தில் நின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடா தூர்க்கப்பட்டபின் அலையோசை அதற்கு எட்டவில்லை. கூசுத் தீவின் படத்தின் கீழ், ஆமையொன்று தீவாகிக் கடலோடிகளைக் காத்த கதை தவறாமல் இடம் பெறுகிறது. அதற்கு அண்மையிலுள்ள செயிண்ட் ஜான்ஸ் தீவில் 1874இல் குவாரண்டைன் நிலையம் ஏற்பட்டதும், கப்பலில் வந்த நம் கூலி மக்கள் ஊரை மிதிக்குமுன் அங்கே தடுத்து வைக்கப்பட்டதும் எத்தனை படங்களின் கீழ் எழுதப்பட்டன? தோட்டத்து நேயர்களின் பாட்டன்மார் பலர் இந்நாட்டில் முதலில் மிதித்த மண் இத்தகைய தடைத்தீவே. ஆமைக்கு இருக்கும் வரலாறு ஆளுக்கு இல்லையென்றால் அது யார் குறை?

"படம் கலை; கதை சொல்வது அதன் கடமையன்று" என்பார் உளர். சொல்லின்றியே சுவைக்கத்தக்க படம் உண்டென்பதை ஒப்புகிறோம். எனினும் கரையே இடம் பெயரும் ஊரில் அவ்வாதம் நெடுநாள் நில்லாது. கிளிபர்டு துறை 1933இல் திறக்கப்பட்டு 2006இல் மூடப்பட்டது. 2008இல் மரினா அணை திறக்கப்பட்டபின், அத்துறையின் முன் அலையடித்த உப்புநீரும் நன்னீர்த் தேக்கமாக மாறிற்று. இடமும் ஆண்டும் குறிக்காத படம் அடுத்த தலைமுறைக்கு ஊமைப் படம். அதற்காகக் காதில் விழுந்த கதையையெல்லாம் தலைப்பாக்குவதும் தகாது. அறிந்ததை அறிந்ததாகவும், ஐயத்தை ஐயமாகவும் எழுதுவதே நேர்மை.

1979 முதல் தேசிய ஆவணக் காப்பகம் முதியோரின் வாய்மொழியைப் பதிவு செய்து வருகிறது. 2015இல் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. அவை நம் வீட்டுப் பெட்டிக்குள் தாமே வந்து புகா. பெட்டியடியில் கிடக்கும் துறைமுகப் படத்தை எடுங்கள். பாட்டனும் பாட்டியும் இருக்கும்போதே கேட்டு, பின்புறத்தில் மூன்று வரி எழுதுங்கள்: எந்தக் கரை, எந்த ஆண்டு, நிற்பவர் யார், என்ன தொழில் செய்தார். கைபேசியால் இன்று கரையைப் பிடிக்கும் இளைஞர்க்கும் நாம் சொல்வது இதுவே.