மண்ணைத் தொடும் விதம்

ரேடியோ அலைகளால் இயக்கப்படும் சிறிய பந்தய வண்டிகள் மண் களத்தில் ஓடும்போது, வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கண்கள் அவற்றின் வேகத்தையே தொடர்ந்து செல்கின்றன. இக்கலையில் பழகியவர்களோ, மேட்டிலிருந்து எழும்பிய வண்டி மீண்டும் தரையைத் தொடுகிற கணத்தின் மீதே தம் கவனம் முழுவதையும் வைத்திருப்பார்கள். தொட்ட வண்டி துள்ளாமல், ஒரு பக்கம் சாயாமல், நான்கு சக்கரங்களையும் மண்ணில் பதித்து, அடுத்த வளைவுக்கு உடனே ஆயத்தமாகிவிடுமானால், அதன் மோட்டார் எத்தகையது, பாட்டரி எத்தகையது என்று விசாரிக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இராது. பக்கி என்று வழங்கும் இவ்வகை வண்டியைத் தேர்ந்தெடுப்பதும், தேர்ந்தெடுத்ததைப் பதப்படுத்துவதும் ஆகிய இரண்டு காரியங்களும் அந்த ஒரு லக்ஷணத்தை நாடியே நடைபெற வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அசல் வாகனத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள இந்த வண்டிகளுக்கு அத்தகைய நடை ஆதியிலேயே வாய்த்துவிடவில்லை. ஜப்பானில் ஷிஸுவோகா நகரத்து டமியா நிறுவனம் 1979-ஆம் ஆண்டில் ரஃப் ரைடர், ஸாண்ட் ஸ்கார்ச்சர் என்னும் இரு வண்டிகளை வெளியிட்டபோது, அமெரிக்கப் பாலைவனப் பந்தயங்களில் ஓடிய வோக்ஸ்வேகன் வகை வண்டிகளின் அங்கங்களை உலோக வார்ப்பில் அப்படியே சிறுத்துக் காட்டியது. உருவ நயத்தில் அவற்றுக்கு ஈடு சொல்வது இன்றும் கடினம். ஆனால் பார்வைக்கு அவை எவ்வளவு உண்மையாக இருந்தனவோ அவ்வளவு பந்தயத்துக்கு லகுவாக இருக்கவில்லை. அதே நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த ஹார்னெட், உலகமெங்கும் எத்தனையோ சிறுவர்களுக்கு இக்கலையின் முதல் வாசலாக அமைந்த வண்டி. அதன் பின்புறத்திலோ மோட்டாரும் பல்சக்கரப் பெட்டியும் அச்சும் ஒரே பிண்டமாக ஏறி இறங்கியபடியால், ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மற்றதும் அந்தத் துன்பத்தில் பங்கு கொள்ள நேர்ந்தது.

அதே 1984-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் அசோசியேட்டட் நிறுவனத்தில் ரோஜர் கர்ட்டிஸ் வடிவமைத்த ஆர்சி-டென் வெளிவந்தது. பொன்னிற முலாம் பூண்ட அலுமினியத் தொட்டி போன்ற சேஸிஸ், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியே அசையும் நைலான் கைகள், ஒவ்வொரு கைக்கும் ஸ்பிரிங் சுற்றிய ஓர் எண்ணெய் ஷாக் அப்சார்பர்: இவ்வளவுதான் அதன் அமைப்பு, அலங்காரத்துக்கென்று அதில் எதுவுமே இல்லை. அலங்காரத்தை நாடாமலே அது அடைந்த அழகு, ஒவ்வோர் உறுப்பும் தன் தொழிலைச் செய்வதற்கு வேண்டிய உருவத்தை மட்டுமே கொண்டிருந்ததால் வந்த அழகு. மறு வருஷம் அதே கலிபோர்னியாவின் டெல்மாரில் நடைபெற்ற உலகப் போட்டியில் ஜே ஹால்ஸி அந்த வண்டியைக் கொண்டே இரு சக்கர இயக்கப் பிரிவில் பட்டத்தை வென்றார். 1987-இல் இங்கிலாந்தின் ராம்ஸியில் நடந்த போட்டியில் ஜோயல் ஜான்ஸன் கியோஷோ நிறுவனத்தின் அல்டிமா வண்டியைக் கொண்டு அதே பட்டத்தை வென்றபோது, நான்கு சக்கரங்களும் சுயேச்சையாக அசைந்து எண்ணெயால் அடங்கும் அந்த முறை இனி மாறப்போவதில்லை என்பது உலகத்துக்கே தெளிவாகிவிட்டது.

இன்று ஒரு வண்டியை வாங்கப் புகுகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, தாம் ஓட்டப்போகும் களத்தின் மண் எத்தகையது என்பதே. மோட்டாரைப் பின்னச்சுக்கும் பின்னால் தாங்கிய பழைய அமைப்பில், பாரம் பின்சக்கரங்களை அழுத்துவதால், புழுதியும் பொடி மண்ணும் நிறைந்த களத்திலும் வண்டி பிடிப்புடன் முன்னே பாயும். ஆனால் அந்தப் பாரமே வளைவில் வாலைச் சுழற்றிவிடவும் கூடும். ஈரக் களிமண்ணை இறுக்கிச் செய்த உள்ளரங்கக் களங்களும், ஐரோப்பாவில் பெருகிய கம்பள விரிப்பு, செயற்கைப் புல்தரைக் களங்களும் டயருக்கு ஏராளமான பிடிப்பைத் தரலாயின; ஆகவே மோட்டார் பின்னச்சுக்கு முன்னே நகர்ந்து, வண்டியின் நடுவில் குடியேறியது. இவற்றில் எது உயர்ந்தது என்ற விவாதம் பயனற்றது. தம் ஊர்க் களம் புழுதிக் களமாக இருக்க, வெற்றி பெற்ற வண்டி என்ற பெயருக்காக நடு மோட்டார் வண்டியை வாங்குகிறவர், களத்தில் ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் பின்சக்கரங்கள் வீணே சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வாங்கிய பிறகு வருவது ஷாக் அப்சார்பர் என்னும் அந்தச் சின்னஞ்சிறு உருளை. கைவிரல் அளவே உள்ள அதற்குள்ளே சிலிக்கோன் எண்ணெய் நிறைந்திருக்க, துளைகள் இட்ட ஒரு சிறு பிஸ்டன் அந்த எண்ணெயினூடே மேலும் கீழும் போய்வருகிறது. எண்ணெயின் பாகுத்தன்மை ஒன்று, துளையின் அகலம் ஒன்று என இரண்டே விஷயங்கள்தாம் நம் கையில் உள்ளன. ஆனால் அவ்விரண்டின் சேர்க்கையில் அடங்கியுள்ள சூக்ஷ்மத்தை முற்றும் அறிந்தவர்கள் சிலரே. பிஸ்டன் மெதுவாக நகரும்போது எண்ணெய் துளைகளின் வழியே சாந்தமாக ஒழுகுகிறது. உயரத்திலிருந்து விழுந்த வேகத்தில் அது சடாரென்று நகரும்போதோ, துளைகளில் எண்ணெய் கலங்கிச் சுழன்று, வேகத்தின் விகிதத்தைக் கடந்து தடையை எழுப்புகிறது. ஆகையால் சிறிய துளையும் மெல்லிய எண்ணெயும் கொண்ட ஒரு ஷாக்கும், பெரிய துளையும் தடித்த எண்ணெயும் கொண்ட மற்றொன்றும், மேஜைமேல் வைத்து விரலால் அழுத்தினால் ஒன்றேபோல் தோன்றினும், களத்தில் வெவ்வேறு சுபாவம் கொண்டவையாகிவிடுகின்றன. முன்னது பெரிய தாவலிலிருந்து இறங்கும் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும். பின்னது சிறு சிறு மேடு பள்ளங்களில் சக்கரத்தைத் தடையின்றி ஓடவிடும். துளையின் விட்டத்தில் 1.6 மில்லிமீட்டருக்கும் 1.7 மில்லிமீட்டருக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குப் புலப்படாதது. ஓட்டுகிறவரின் விரலோ இரண்டு சுற்றுக்குள் அதை அறிந்துவிடுகிறது.

எண்ணெய் நிரப்புவதிலும் அவசரம் உதவாது. உருளையை நிமிர்த்தி, எண்ணெய் வார்த்து, பிஸ்டனை மெல்ல ஏற்றி இறக்கி, உள்ளே சிறைப்பட்ட காற்றுக் குமிழ்கள் யாவும் மேலெழுந்து மறையும்வரை பொறுத்திருந்து, அதன் பின்னரே மூடியைத் திருக வேண்டும். மூடிய பிறகு இடது வலது ஷாக்குகளைச் சேர்த்துப் பிடித்து அழுத்திப் பார்த்தால், இரண்டும் ஒரே நிதானத்தில் உள்ளே போய் ஒரே அளவுக்கு வெளியே வர வேண்டும். நுகத்தடியில் பூட்டிய இரு மாடுகளின் நடை ஒவ்வாதபோது வண்டி ஒரு பக்கமாக இழுப்பதுபோல், ஜோடி ஷாக்குகளில் ஒன்றில் சிறிது காற்று தங்கினாலும் பக்கி நேராக இறங்காது. வேலை முடிந்ததும் வண்டியை மேஜையிலிருந்து ஓரடி உயரத்தில் பிடித்துத் தட்டையாக விழவிட்டுப் பார்ப்பது வழக்கம். சேஸிஸின் அடி மேஜையை இலேசாகத் தொட்டு, மறுபடி துள்ளாமல் தன் நிலைக்கு எழுந்தால், பதம் கூடியது என்று கொள்ளலாம்.

மற்ற அளவுகளைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பின்சக்கரங்களின் முகம் சுமார் 3 பாகை உள்நோக்கியிருப்பதும், சக்கரங்களின் தலை 1 அல்லது 2 பாகை உள்ளே சாய்ந்திருப்பதும், பின்புறத்தில் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு ஏறக்குறையத் தரைக்குச் சமமாக நிற்பதும் எந்த இரு சக்கர இயக்க வண்டிக்கும் நல்ல தொடக்கமாகும். பந்தய வீரர்கள் எழுதி வெளியிடும் அளவுக் குறிப்புகளை அப்படியே நகல் செய்கிற பழக்கம் மட்டும் எனக்கு உவப்பானதல்ல. அந்த எண்கள் யாவும் வேறொரு மண்ணுக்கு, வேறொரு நாளின் உஷ்ணத்துக்கு உரியவை.

டயரைப் பற்றியோ இவ்விதம் சுருக்கிச் சொல்ல மனம் வரவில்லை. இவ்வண்டிகளின் டயரில் அழுத்திய காற்று கிடையாது. உள்ளே ஒரு நுரைப்பஞ்சு வளையம்தான் அதற்கு உடல் கொடுக்கிறது. புழுதிக்கு உயரமான முட்களும், கெட்டிப்பட்ட மண்ணுக்கு நெருக்கமான குட்டை முட்களும், பல வண்டிகள் ஓடி ஓடி மெருகேறிய களிமண்ணுக்கு முட்களே இல்லாத வழவழப்பான ரப்பரும் என்று வகுத்திருக்கிறார்கள். கெட்டியான களிமண்ணில் ரப்பர் படிந்து கறுத்த ஒரு தடம் உண்டாகிறது; ப்ளூ க்ரூவ் என்று அமெரிக்க ஓட்டுநர்கள் அழைக்கும் அந்தத் தடத்தில் வண்டி கயிற்றால் கட்டி இழுத்தாற்போல் திரும்பும்; அதைவிட்டு ஒரு சாண் விலகினாலோ வழுக்கிவிடும். காலையில் இல்லாத அந்தத் தடம் மாலையில் தோன்றிவிடுகிறபடியால், காலையில் தேர்ந்த டயரையும் எண்ணெயையும் மாலையிலும் நம்பியிருப்பது பேதைமை. வெயில் ஏற ஏற எண்ணெய் இளகுவதும் இதனோடு சேர்ந்துகொள்கிறது.

சக்தியை மண்ணுக்கு எடுத்துச் செல்லும் வழியிலும் இதே தத்துவம்தான். ஆங்கிலேயரான சிசில் ஷூமாக்கர் வகுத்தளித்த பந்து டிஃபரன்ஷியலில், இரு வளையங்களுக்கு நடுவே அழுந்திய சிறு உருண்டைகள், வளைவில் இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தருகின்றன. ஸ்லிப்பர் கிளட்ச் என்பது, சக்கரம் தாங்காத அளவு சக்தி வரும்போது சிறிது வழுக்கி விட்டுக்கொடுக்கும் உறுப்பு. அதன் திருகை இறுக்கிக்கொண்டே போவதில் இளைஞர்களுக்குள்ள உற்சாகம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தாவி இறங்கிய கணத்தில் பல்சக்கரங்களைக் காப்பதும், பொடி மண்ணில் வண்டியை நேராகப் புறப்படச் செய்வதும் அந்தச் சிறு வழுக்கலே.

இத்தனையும் செய்து முடித்தபின் ஓட்டுகிறவரின் பங்கு ஒன்று எஞ்சியிருக்கிறது. வண்டி வானில் இருக்கும்போது விசையை அழுத்தினால், சக்கரங்கள் வேகமாகச் சுழல்வதன் எதிர்வினையாக மூக்கு உயர்கிறது. பிரேக்கை இட்டால் மூக்கு தாழ்கிறது. தரையின்றி நிற்கும் வண்டியை ஒரு விரலசைவால் சமன்படுத்தி, இறங்கு சரிவின் கோணத்துக்கு ஒப்ப அதைப் படியவைக்கும் திறமையைக் காணும்போது ஏற்படும் மகிழ்ச்சிக்கு, பந்தயத்தில் யார் முந்தினார் என்பது ஒரு பொருட்டே அல்ல. ஐந்து நிமிஷ ஓட்டம் முடிந்து வண்டி மேஜைக்குத் திரும்பியதும், தேர்ந்தவர் செய்யும் முதல் காரியம் ஷாக்கின் தண்டிலுள்ள புழுதியைத் துடைத்து, சக்கரங்களைத் தாங்கும் கைகளை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது. தண்டின் அடியில் எண்ணெய் கசிந்திருந்தாலோ, திறந்து பார்க்கையில் உள்ளிருப்பது சாம்பல் நிறமாகக் கலங்கியிருந்தாலோ, அடுத்த சுற்று தொடங்க எவ்வளவு குறைந்த அவகாசமே இருந்தாலும், அவர் அதைக் கொட்டிவிட்டுப் புதிய எண்ணெயை வார்க்கத் தொடங்கிவிடுவார்.