பாரசீகக் கஜலை ரசிப்பது எப்படி?

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் பிட்ஜெரால்டின் ஆங்கிலத்தைத் தழுவித் தமிழாக்கித் தந்த உமர் கய்யாம் பாடல்களின் வாயிலாகவே நம்மில் பெரும்பாலோர் பாரசீகக் கவிதையோடு முதற் பரிச்சயம் கொண்டிருக்கிறோம். அந்தப் பரிச்சயம் இனியதேயாயினும், பாரசீகக் கவிதையைப் பற்றிப் பொருந்தாத ஓர் எதிர்பார்ப்பையும் அது நம் மனத்தில் விதைத்து விடுகிறது. 1859-ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்ட பிட்ஜெரால்டு, ஒன்றோடொன்று தொடர்பின்றித் தனித்தனியே நின்ற நாலடிப் பாக்களை, விடியலில் தொடங்கி இரவில் முடிகின்ற ஒரு நாளின் போக்கிலே கோத்து, கதையைப் போல் நடத்திச் சென்றார். பாரசீக மரபிலோ, ஒரு கவியின் பாடல் தொகுதியாகிய திவானைத் தொகுப்போர், பாடல்களை அவை எழுதப்பட்ட காலத்தைக் கொண்டோ சொல்லும் பொருளைக் கொண்டோ வரிசைப்படுத்துவதில்லை. அடியிறுதியில் ஒத்து ஒலிக்கும் கடைசி எழுத்து எதுவோ, அதன் நெடுங்கணக்கு வரிசையிலேயே பெரும்பாலும் அடுக்கி வைக்கிறார்கள். ஆதலால், அடுத்து என்ன நேர்ந்தது என்று கேட்கும் மனத்தோடு ஷீராஸ் நகரத்துக் கஜல் கவியான ஹாபிஸின் திவானைத் திறப்பவர் சில பக்கங்களிலேயே சோர்ந்து அதை மூடிவிடக்கூடும். இந்த இரண்டு அடிகளுக்குள் என்னவெல்லாம் நிகழ்கின்றன என்று கேட்டுத் திறப்பவருக்கோ, ஒரு மாலைப்பொழுது முழுவதற்கும் ஒரே ஒரு பைத் போதுமானது.

பைத் என்பது இரண்டு அடிகள் சேர்ந்த ஈரடி. அடி ஒவ்வொன்றும் மிஸ்ரா எனப்படும். சாதாரணமாக ஐந்து முதல் பதினைந்து பைத்துகள் வரையில் கஜல் என்னும் பாடல் ஒன்றுக்கு அமைவதுண்டு. முதற் பைத்தில் இரண்டு அடிகளும் ஒத்த ஒலியில் முடியும். அதன் பின்னர்ப் பைத்துதோறும் இரண்டாம் அடி மட்டுமே அவ்வொலிக்குத் திரும்பும். கடைசிப் பைத்தில் கவி தம் புனைபெயரைச் சொல்லித் தம்மையே விளித்துக்கொள்வார். இந்த இலக்கணத்தை ஐந்து நிமிஷங்களில் யாரும் கற்றுக்கொள்ளலாம். ஒரு பைத்தின் முன் நின்று தாமதிக்கின்ற பழக்கத்தைக் கற்றுக்கொள்வதற்கே வருஷங்கள் பிடிக்கின்றன. சர்வகலாசாலைகளில் பாரசீகம் பயிற்றும் முறையின் சாரம் அந்தத் தாமதம்தான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1934-இல் நிறுவப்பட்ட தெஹரான் பல்கலைக்கழகத்தில், பாரசீக உரைநடையின் நடைபேதங்களை மூன்று பாகங்களில் வரலாறாக எழுதிய கவியரசர் பஹாரும், ரூமியின் இசைப்பாக்களைச் சுவடிகளோடு ஒப்பிட்டுப் பதிப்பித்த பொரூஸான்பரும் ஆசிரியர்களாய் இருந்தார்கள். வாழ்நாளெல்லாம் சொற்களைச் சீட்டுச் சீட்டாக எழுதிச் சேகரித்த தெஹ்கோதாவின் பேரகராதியும் பிற்காலத்தில் அப்பல்கலைக்கழகத்தின் பராமரிப்புக்கே வந்தது. கேம்பிரிட்ஜில் பிரவுன் 1902 முதல் 1924 வரையில் நான்கு பாகங்களாகப் பாரசீக இலக்கிய சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். நம் சென்னைச் சர்வகலாசாலையிலும் 1927 முதல் அரபி, பாரசீகம், உருது ஆகிய மூன்றுக்குமான துறை ஒன்று உண்டு. ஆர்க்காட்டு நவாபின் அவையிலே பாரசீகத்தில் எழுதப்பட்ட துஸக்-இ-வாலாஜாஹி என்னும் சரித்திரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தளித்த முகம்மது ஹுசைன் நயினார் அத்துறையைச் சேர்ந்தவர். எந்தத் தேசத்துக் கலாசாலையாயினும், கவிதை வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து ஒரு பைத்தை உரக்கப் படிப்பதில்தான் தொடங்குகிறது. பிழையின்றிப் படித்து முடித்தானென்றால், பாதிப் பொருளை அவன் அப்போதே அறிந்துவிட்டான் என்று கொள்ளலாம்.

இதற்குக் காரணம் அந்த லிபியின் இயல்பு. அரபி எழுத்துகளோடு தனக்கெனச் சொந்தமாக நான்கு எழுத்துகளையும் சேர்த்து முப்பத்திரண்டாக வைத்துக்கொண்ட பாரசீகம், குறில் உயிர்களை எழுதிக் காட்டுவதில்லை. ம், ல், க் என்னும் மூன்று மெய்கள் மட்டும் ஏட்டில் இருக்கும். மலெக் என்று படித்தால் அரசன், மொல்க் என்று படித்தால் ராஜ்யம், மெல்க் என்றால் சொத்து, மலக் என்றால் தேவதூதன். பெயரையும் அதன் அடைமொழியையும் பிணைக்கின்ற எகர ஒலியும் அவ்வாறே பெரும்பாலும் எழுதப்படாமல், படிப்பவர் நாவிலேயே பிறக்க வேண்டியிருக்கிறது. அதை எங்கே ஒலிப்பது, எங்கே ஒலிக்காமல் நிறுத்துவது என்பதைப் பொறுத்து எது எதற்கு அடை என்பதே மாறிப் போகும். ஆகவே கஜலை ரசிக்க விரும்புவோர், மொழி அறியாதவராயினும், நல்ல பாரசீகர் ஒருவர் படித்ததன் ஒலிப்பதிவைத் தேடிக் கேட்டபிறகே மொழிபெயர்ப்பைக் கையில் எடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

அவ்விதம் கேட்கும்பொழுது செவி முதலில் பற்றிக்கொள்ள வேண்டியது சந்தம். பாரசீக யாப்பு, வடமொழியைப் போலவே, லகு குரு என்னும் மாத்திரைக் கணக்கில் நடப்பது. நெடிலும் மெய்யடுத்த குறிலும் குருவாகும். நெடிலுக்குப் பின் மெய் வந்து நிற்கும் ‘யார்’ போன்ற அசைகளோ ஒரு குருவும் அதைத் தொடர்ந்து ஒரு லகுவுமாக நீட்டி அளக்கப்படும். ஹாபிஸின் திவானில் முதலாவதாக நிற்கும் கஜலை எடுத்துக்கொள்வோம். லகு ஒன்று, குரு மூன்று. இந்த நான்கசைச் சீர் அடிக்கு நான்கு முறை வருவதால் ஒரு பைத்துக்கு முப்பத்திரண்டு அசைகள். மேசையின்மீது விரலால் தட்டிக்கொண்டே கேட்டால் இரண்டாம் பைத்துக்குள் அது உடம்பில் ஊறிவிடும். ஏழு பைத்துகள் கொண்ட அந்தக் கஜல் முழுவதிலும் ‘எல்ஹா’ என்று முடியும் ஒலி எட்டு முறை திரும்பி வருகிறது. முதலடியும் கடைசி அடியும் அரபி. இடையில் உள்ளவை யாவும் பாரசீகம். ‘ஹா’ என்பது பாரசீகத்தில் பன்மை விகுதியாக வந்துகொண்டே இருந்து, இறுதியில் அரபி அடியை எட்டியதும் அதே ஒலி அரபியின் சுட்டுப்பெயராக மாறி நிற்கின்ற சாமர்த்தியத்தை, ஆசிரியர் விளக்கிச் சொல்லும்போது வகுப்பில் புன்னகை பூக்காத முகம் இராது.

இனி, அதே கஜலின் இரண்டாம் பைத்தின் முன் சற்று நிற்போம். காதலியின் நெற்றிமயிரை இளங்காற்று அவிழ்த்துவிடும், அதிலிருந்து கஸ்தூரி மணம் வரும் என்று காத்திருந்தவர்களின் நெஞ்சங்கள் பட்ட துயரமே அதன் பொருள். பொருள் இவ்வளவுதான் என்று அறிந்து மேலே போய்விடுபவருக்கு ஹாபிஸ் அகப்படுவதில்லை. அந்தப் பைத்தின் தலையிலே நிற்கும் சொல்லுக்கு நறுமணம் என்றும் நம்பிக்கை என்றும் இரண்டு அர்த்தங்கள். மணத்தை முகர்ந்ததால் வந்த துன்பமா, மணம் வருமென்று நம்பியதால் வந்த துன்பமா என்பதைத் தீர்க்காமல் இரண்டையும் ஒருங்கே நிறுத்துகிறார் கவி. கூந்தலின் சுருளைக் குறிக்க வந்த மற்றொரு சொல் ஒளியையும் வெம்மையையும் குறிப்பது. துயருற்றார்கள் என்பதைப் பாரசீகர் நெஞ்சில் ரத்தம் விழுந்தது என்று வழக்கிலே சொல்வார்கள். கஸ்தூரியோ மானின் உந்தியில் தேங்கிய ரத்தமே உருமாறி மணமாவது என்பது பழையோர் நம்பிக்கை. ஆகவே காதலியின் கூந்தலில் மணக்கும் கறுப்பும் காதலர் நெஞ்சில் தேங்கிய சிவப்பும் ஒரே பொருளின் இரு நிலைகள் என்பது, எங்கும் வாய்விட்டுச் சொல்லப்படாமல், சொற்களின் சேர்க்கையிலேயே உணர்த்தப்பட்டு விடுகிறது. முதல் வாசிப்பில் மயிர், காற்று, மணம். மூன்றாம் வாசிப்பில் மான், ரத்தம், காத்திருத்தல். இந்த இரட்டுறலை ஈஹாம் என்பார்கள். நம் சிலேடை பெரும்பாலும் வியக்க வைப்பதோடு நின்றுவிடுவது. ஹாபிஸின் கையில் ஈஹாம் இதயத்தைப் பிழிகிறது.

குயிலுக்கு நிகரான புல்புல், ரோஜா, சைப்ரஸ் மரம், விளக்கில் விழும் விட்டில், மது ஊற்றும் சாக்கி, மதுச்சாலையின் முதியவர், போலித் துறவி ஆகிய இவர்கள் யாவரும் கஜலில் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டு, புதுமை இல்லையே என்று அலுத்துக்கொள்வோர் உண்டு. குறிஞ்சிக்குப் புணர்தலும் பாலைக்குப் பிரிதலும் என்று வகுத்துவைத்து, வரையறுத்த கருப்பொருள்களைக் கொண்டே ஆயிரம் உணர்ச்சிகளைப் பாடிய சங்கச் சான்றோரின் வழிவந்த நமக்கு அந்த அலுப்பு ஏற்படலாகாது. பொருள் பழகியதாக இருக்கும்போதுதான் அதில் கவி செய்த சிறு மாற்றம் புலனாகிறது. அகத்திணைத் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் இல்லாததைப் போலவே கஜலின் காதலிக்கும் பெயர் கிடையாது. அத்தோடு, பாரசீக மொழியில் ஆண்பால் பெண்பால் வேற்றுமையே இல்லாததால், அது காதலியா, தோழனா, ஆதரிக்கும் அரசனா, ஆண்டவனா என்பதைப் பிரதிப்பெயர் காட்டிக்கொடுக்காது. மேலே நான் காதலி என்று எழுதியதும் தமிழின் பொருட்டுச் செய்துகொண்ட ஒரு தீர்மானமே.

மதுவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஹாபிஸின் மது திராட்சை ரசமா, தெய்வப் பித்தா என்று பல நூற்றாண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் துருக்கி மொழியில் வியாக்கியானம் எழுதிய போஸ்னியா தேசத்து ஸூதி சொல்லிலக்கணத்தின் வழியே நடந்தார். ஸூபி மரபினரோ சொல்லுக்குச் சொல் மறைபொருள் கண்டார்கள். இந்த வழக்கைத் தீர்த்துவிட்டுத்தான் ரசிக்கப் புகுவேன் என்று பிடிவாதம் செய்பவர் கடைசிவரை வாசலிலேயே நிற்பார். அந்த மதுவுக்கு மூன்றாவதாக ஒரு முகமும் உண்டு. 1353 முதல் 1358 வரை ஷீராஸை ஆண்ட முபாரிஸுத்தீன், மதுச்சாலைகளை மூடி, சமய ஒழுக்கத்தின் பெயரால் கொடுமை செய்தவர். தம் புதல்வன் ஷா ஷுஜாவாலேயே பதவி இழந்து கண்களும் பறிக்கப்பட்டவர். ஒழுக்கக் காவலரைக் குறிக்கும் ‘மொஹ்தஸெப்’ என்னும் பட்டத்தை ஷீராஸ் ஜனங்கள் அவருக்கே இட்டு வழங்கினார்கள். அந்தப் பட்டம் ஒரு கஜலில் தலைகாட்டும் இடத்தில், மது குடிப்பதைப் பற்றிய அடி, பொய்யான பக்திக்கு அஞ்சாத ஒரு குரலின் அடியாகிவிடுகிறது. எனக்கு மிகவும் உவப்பான ஹாபிஸ் இந்த ஹாபிஸ்தான்.

பாடபேதங்களும் ரசனைக்கு உதவுபவையே. கவி தாமே தம் பாடல்களைத் தொகுத்து வைத்துச் செல்லாமையால், சுவடிக்குச் சுவடி பைத்துகளின் எண்ணிக்கையும் வரிசையும் வேறுபடுகின்றன. கஸ்வீனியும் கனியும் 1941-இல் வெளியிட்ட பதிப்பில் 495 கஜல்கள் உள்ளன, வேறு பதிப்புகளில் வேறு தொகை. சாதகமான காற்றே எழுந்திரு என்று வேண்டுகின்ற புகழ்பெற்ற ஒரு பைத்தில், வேண்டுபவர்கள் கப்பல் உடைந்தவர்களா, கப்பலில் அமர்ந்திருப்பவர்களா என்பதில் சுவடிகள் மாறுபடுகின்றன. அந்த லிபியில் இரண்டு சொற்களும் சில கோடுகள், சில புள்ளிகளாலேயே வேறுபடுபவை. உடைந்த கப்பலுக்குக் காற்று எதற்கு என்பது ஒரு கட்சி. உடைந்தவர்கள் அல்லவா காற்றை அவ்வளவு கதறி வேண்டுவார்கள் என்பது மறு கட்சி. தர்க்கம் முன்னவர் பக்கமே இருப்பினும், என் மனம் உடைந்த கப்பலின் பக்கமே சாய்கிறது. வாசகர் தமக்கென ஒரு கட்சியைத் தேர்ந்துகொள்ளட்டும். அப்படித் தேரும்போதே அந்தப் பைத் அவருடையதாகிவிடும்.

ஏட்டை விட்டு இசைக்கு வந்தால், ஆவாஸ் என்னும் பாடுமுறையை முதலில் கேட்க வேண்டும். தாளக்கட்டு இல்லாமல், கவியின் சந்தத்தையே ஆதாரமாகக் கொண்டு, அடியடியாக நிறுத்தி, கமகங்களால் நீட்டிப் பாடும் இது, நம் கச்சேரிகளின் விருத்தத்தைக் கேட்டுப் பழகிய செவிக்குச் சிறிதும் அந்நியமாய் இராது. 2020-இல் காலமாகி, தூஸ் நகரில் பிர்தௌஸியின் சமாதிக்கு அருகே அடக்கம் செய்யப்பட்ட முகம்மது ரேஸா ஷஜரியான் பாடிய ஹாபிஸ் கஜல்கள் பல உண்டு. ஓர் அடியைப் பாடி நிறுத்தியதும் தார் அல்லது நேய் என்னும் வாத்தியம் அதை ஏற்றுத் திருப்பிச் சொல்லும். அந்த இடைவெளிதான் கேட்பவர் பொருளைச் சிந்திக்கும் அவகாசம். ஈரானில் சாதாரண ஜனங்களுக்கும் இந்தச் சிந்தனை பழக்கமானது. டிசம்பர் மாதத்தில் வருஷத்தின் மிக நீண்ட இரவான யல்தாவன்று, மாதுளையும் தர்ப்பூசணியும் பரப்பி, குடும்பத்தார் கூடி அமர்ந்து, ஒருவர் மனத்தில் ஒரு கேள்வியை நினைக்க, மூத்தவர் திவானை ஏதோ ஓரிடத்தில் பிரித்து, வந்த கஜலைப் படித்து அதையே விடையாகக் கொள்வார்கள். ஷீராஸில் எட்டுத் தூண்களின்மேல் செப்புக் குவிமாடம் ஏந்திய ஹாபிஸின் சமாதியருகே, வழிப்போக்கர்கள் பளிங்குக் கல்லில் விரல் வைத்து நின்று மனப்பாடமாய்க் கஜல் சொல்வதும் அங்கே நித்தியக் காட்சி.

ஹாபிஸில் ஓரளவு கால் ஊன்றியவர் அடுத்து ஸாதியிடம் செல்லலாம். 1258-இல் எழுதி முடித்த குலிஸ்தான் என்னும் நூலால் இந்தியாவெங்கும் பள்ளிச் சிறுவருக்குப் பல நூற்றாண்டுகள் பாரசீகம் கற்பித்த அந்தப் பெரியவரின் கஜல்கள், ஹாபிஸைவிடத் தெளிந்த நீரோட்டமுடையவை. எளிமைதான் அவற்றின் கடினம். ஹாபிஸுக்கு முன்னரே தில்லியில் பாடிய அமீர் குஸ்ரோவையும் அவற்றோடு சேர்த்துப் படிக்கலாம். 1720-இல் தில்லியில் மறைந்த பேதிலை மாத்திரம் கடைசியாக வைத்துக்கொள்ளும்படி யோசனை சொல்வேன். இந்திய நடை என்று பஹார் முதலியோர் பெயரிட்ட பாணியின் உச்சியில் நிற்பவர் அவர். ஈரானில் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டவர். ஆப்கானிஸ்தானத்திலும் தஜிகிஸ்தானத்திலும் அவரைக் கற்றோர் கொண்டாடி, காபூலில் கூடி அமர்ந்து ஒருவர் படிக்க மற்றவர் பொருள் சொல்லும் வழக்கத்தைத் தலைமுறைகளாகக் காத்து வந்திருக்கிறார்கள்.