பழைய வரலாற்று நாடகங்களும் பழகிய முகங்களும்

வரலாற்றை நாடகமாக்க முனைவோன் ஒரு வாய்ப்பைத் தொடக்கத்திலேயே இழந்துவிடுகின்றான். முடிவு யாதாகுமோ என்னும் ஆவலை அவன் நம்பியிருத்தல் இயலாது. காலிகுலா கொல்லப்படுவான் என்பதும், எட்டாம் ஹென்றியின் இரண்டாம் மனைவி தலை வெட்டுண்டு மடிவாள் என்பதும், முதலாம் எலிசபெத் மணஞ் செய்யாமலே இறப்பாள் என்பதும் காண்போர் முன்னரே அறிந்தவை. அறிந்ததொன்று கண்முன்னே புதிதாக நிகழும் இன்பமே அவன் அவர்க்கு அளிக்கக்கூடியது.

இங்கிலாந்தின் பழைய தொலைக்காட்சி வரலாற்று நாடகங்களை இன்று காண்போர்க்கு அறிந்த கதையோடு அறிந்த முகங்களும் எதிர்ப்படுகின்றன. ஒரு செனற்றரோ காவற்படைத் தலைவனோ திரையில் தோன்றியவுடன், 'இவரை வேறெங்கோ கண்டோமே' என்று உள்ளம் தேடத் தொடங்குகின்றது. பெயர் நினைவுக்கு வந்ததும் ஒரு மகிழ்ச்சி பிறக்கின்றது. இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று இகழ்வாரும் உளர். நடிகனைத் தேடுவோன் பாத்திரத்தை இழந்துவிடுகின்றான் என்பது அவர் கூற்று. அக்கூற்று எத்துணைப் பொருத்தமுடையதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வகை நாடகங்களின் பொற்காலம் 1970ஐ அடுத்த சில ஆண்டுகள் எனலாம். கீத் மிச்சல் மன்னனாக நடித்த 'எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியர்' 1970இலும், கிளெண்டா ஜக்சன் அரசியாக நடித்த 'எலிசபெத் ஆர்' 1971இலும் பி.பி.சி.யில் ஒளிபரப்பாயின. றொபேட் கிறேவ்ஸ் எழுதிய இரு நாவல்களைத் தழுவி ஜாக் புல்மன் உரையாடல் எழுத, ஹேர்பேட் வைஸ் நெறிப்படுத்திய 'நான், கிளாடியஸ்' 1976இல் வந்தது. அகஸ்ரஸ் காலந்தொட்டுக் கிளாடியசின் இறுதிவரை உரோமப் பேரரசின் குடும்பக் கதையைச் சொல்லும் அந்நாடகமே நம் ஆராய்ச்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

முதற்கண் நோக்கத்தக்கது அதன் வடிவம். அது பெரும்பாலும் கலையகத்துள் ஒளிப்பதிவு நாடாவிற் பதியப்பெற்றது. படைகளோ, போர்க்களமோ, உரோமாபுரியின் வீதிகளோ அங்கு இல்லை. வாட்போர் வீரர் பொருதும் அரங்கு காட்டப்பட வேண்டிய இடத்திலும், அரச குடும்பத்தார் அமர்ந்திருக்கும் மேடையையும் மக்களின் ஆரவாரத்தையுமே பெறுகின்றோம். போரை நாம் காண்பதில்லை. போரைக் காண்போரின் முகங்களையே காண்கின்றோம். இந்நாடகத்திற் கிளாடியசாக நடித்த டெறெக் ஜக்கோபியே 2000ஆம் ஆண்டில் 'கிளாடியேற்றர்' என்னும் திரைப்படத்தில் உரோம செனற்றராகத் தோன்றினார். அப்படத்துக்கு மோல்ற்றாத் தீவில் அரங்கின் ஒரு பகுதியைக் கட்டியெழுப்பி, எஞ்சியதைக் கணினியால் நிறைவு செய்தனர். அங்குக் கண் கட்டடத்தில் உலாவுகின்றது. இங்குக் கண்ணுக்கு முகத்தையன்றி வேறு புகலிடமில்லை.

இவ்வுண்மைக்கு அகஸ்ரஸ் இறக்கும் காட்சி சான்று பகரும். மன்னனாக நடித்த பிறையன் பிளெஸ்ட் படுக்கையிற் கிடக்கின்றார். அவன் மனைவி லிவியாவாக நடித்த சியான் பிலிப்ஸ் பேசுகின்றார். பேசுபவளைக் காட்டாது கேட்பவன் முகத்திலேயே ஒளிப்படக் கருவி நெடுநேரம் நிலைத்து நிற்கின்றது. விழிகள் திறந்திருக்கின்றன; அவற்றினின்றும் உயிர் எப்போது நீங்கியது என்று வரையறுத்துச் சொல்லுதல் அரிது. உரத்த குரலும் பருத்த உடலும் உடையவரென அறியப்பெற்ற ஒரு நடிகர், குரலையும் அசைவையும் துறந்து முகமொன்றையே கொண்டு இக்காட்சியை நிறைவேற்றுகின்றார். அவரது இயல்பான ஆரவாரத்தை அறிந்தவனே இவ்வடக்கத்தின் அருமையை முற்றும் உணர்வான். இவ்விடத்தில் நடிகனை அறிந்திருத்தல் பாத்திரத்தை மறைக்கவில்லை. அதற்கு ஆழம் சேர்க்கின்றது.

இனி, 1976இல் இந்நாடகத்தைக் கண்டோர்க்கும் இன்று காண்போர்க்கும் உள்ள வேறுபாடு ஒன்றுண்டு. அன்றைய ஆங்கிலேயர், முன்னர் வந்த நாடகங்களைக் கொண்டு நடிகரை இனங்கண்டனர். 1962இல் தொடங்கிய 'இசெட் கார்ஸ்' என்னும் காவற்றுறைத் தொடரில் பிளெஸ்ட் ஓர் இளங் கொன்ஸ்ரபிளாகவும், ஸ்ராற்போட் ஜோன்ஸ் குற்றவாளிகளை நடுங்கச் செய்யும் துப்பறியும் அதிகாரியாகவும் புகழ் பெற்றிருந்தனர். அந்த ஜோன்ஸ் உரோம நாடகத்திற் பீசோ என்னும் பாத்திரமாக வந்து, ஜேர்மானிக்கசைக் கொன்றான் என்னும் குற்றச்சாட்டுக்கு ஆளாகி விசாரணையை எதிர்கொள்கின்றார். பன்னாள் விசாரித்தவரே விசாரிக்கப்படும் இந்நிலை, அன்று கண்டோர்க்குச் சொல்லாமலே ஓர் அங்கதச் சுவையை அளித்திருக்க வேண்டும்.

நாமோ பின்னர் வந்தவற்றைக் கொண்டு முன்னையதை இனங்காண்கின்றோம். செஜானஸ் என்னும் கொடிய காவற்படைத் தலைவனாகத் தலை நிறைந்த முடியோடு தோன்றுபவர் பற்றிக் ஸ்ருவேட். 1987இல் தொடங்கிய 'ஸ்ரார் ரெக்' தொடரின் விண்கலத் தலைவராக உலகம் அறிந்த வழுக்கைத் தலையர் அவரே. தைபீரியசாக நடித்த ஜோர்ஜ் பேக்கர் பின்னாளில் இன்ஸ்பெக்ரர் வெக்ஸ்போட் என்னும் பொறுமை மிக்க துப்பறிவாளரானார். திரைச்சீலைக்குப் பின்னே ஒளிந்திருந்த கிளாடியசை வெளியே இழுத்துப் பேரரசனாக்கும் எளிய போர்வீரன் கிறேற்றசாக வருபவர் பேணாட் ஹில். மாக்றோவாக வருபவர் ஜோன் றீஸ்-டேவிஸ். கால் நூற்றாண்டின் பின் 'மோதிரங்களின் தலைவன்' திரைப்படங்களில் முன்னவர் முடி தரித்த மன்னனாகவும் பின்னவர் குள்ளர் குல வீரனாகவும் நடித்தனர். ஒருவனை அரசனாக்கிய வீரன் தானே அரசனாகும் விந்தை, நாடகத்தை இயற்றியோர் கருதியதன்று, காலம் இயற்றியது.

இவ்வாறு ஒரு முகம் நாடகம்விட்டு நாடகம் செல்லுகையில், தான் தாங்கிய பாத்திரத்தின் ஒரு பகுதியையும் உடன்கொண்டு செல்கின்றது. 'எலிசபெத் ஆர்' நாடகத்தில் றொபேட் ஹார்டி லெஸ்ரர் பிரபுவாக நடித்தார். அரசியை மணக்கும் ஆசையிலேயே வாழ்நாளைக் கழித்து அதனை எய்தாதவன் லெஸ்ரர். 1975இல் வந்த 'ஏழாம் எட்வேட்' என்னும் நாடகத்தில் அதே ஹார்டி, விக்ரோறியா அரசியின் கணவர் அல்பேட்டாக வந்தார். அரசியாக நடித்தவரோ, 1970இல் எட்டாம் ஹென்றியால் தள்ளிவைக்கப்பட்ட கதறீனாக நடித்த அனெற் குறொஸ்பி. அரசியைப் பெறாத முகமும் அரசனால் ஒதுக்கப்பட்ட முகமும் ஈண்டு இல்லறத்தில் இணைகின்றன. ஆயினும் அல்பேட் அரசனாகவில்லை. மனைவியின் அரியணைக்கு அருகே நிற்பவனாகவே இருக்கின்றான். முன்னைய நாடகங்களை அறிந்தவன் இக்குறையின் கூர்மையை மிகுதியாக உணர்வான். ஒன்றோடொன்று தொடர்பற்ற மூன்று நாடகங்களைத் தொடர்புபடுத்தும் வேலையை நடிகரின் முகங்கள் செய்துவிடுகின்றன.

அவ்வாறாயின், இனங்காணல் எப்போதும் நன்மையே பயக்குமோ? அன்று. இவ்விடத்து வடமொழி நாடகவியலார் நமக்குத் துணை நிற்பர். பரதரின் நாட்டியசாஸ்திரத்துக்கு அபிநவகுப்தர் வகுத்த உரை, ஸ்ரீ சங்குகர் என்பாரின் கொள்கையொன்றை எடுத்துரைக்கின்றது. இராமனாக நடிப்பவனைக் காணுங்கால் நமக்கெழும் உணர்வு, இவன் இராமனே என்னும் தெளிவுமன்று. இராமனல்லன் என்னும் மறுப்புமன்று. இவனோ அல்லனோ என்னும் ஐயமுமன்று. இராமனைப் போன்றவன் என்னும் ஒப்புமையுமன்று. ஓவியத்தில் தீட்டிய குதிரையைக் கண்டு 'இது குதிரை' என்கின்றோமே, அதனையொத்த தனியோர் உணர்வு அது. சங்குகரின் கொள்கையை அபிநவகுப்தர் பிறவாற்றான் மறுத்தாராயினும் இவ்வுவமை நிலைத்துவிட்டது.

ஓவியக் குதிரையிலே வண்ணமும் உண்டு, குதிரையும் உண்டு. வண்ணத்தை மட்டும் காண்பவன் குதிரையை இழக்கின்றான். மெய்யான குதிரையென மயங்குபவன் ஓவியத்தை இழக்கின்றான். இரண்டையும் ஒருங்கே காண்பவனே சுவைஞன். 'இவர் பற்றிக் ஸ்ருவேட்' என்று கூறி அம்மட்டில் அமைபவன் வண்ணத்தை எண்ணுகின்றான். பின்னாளில் அறத்தின் உருவாய் நின்ற அம்முகம், இங்கே இமையாத கண்களோடு பிறர் உயிரைக் கணக்கிடுவதெங்ஙனம் என்று மேலும் வினவுபவனே நடிப்பை அறியத் தொடங்குகின்றான். பெயரை அறிதல் வாயிலே, அது மாளிகையன்று.

இதிலிருந்து ஒரு மதிப்பீட்டு முறையும் பெறப்படும். இனங்கண்ட பின்னர் அம்முகத்தை மறக்கச் செய்யும் நடிப்பே உயர்ந்தது. காலிகுலாவாக வந்த ஜோன் ஹேர்ட் பிற்காலத்திற் பல புகழ்மிக்க திரைப்படங்களில் தோன்றியவர். அவரை அறியாதாரில்லை. எனினும், அச்சமும் குழந்தைத்தனமும் வெறியும் மாறிமாறி விளையாடும் அப்பாத்திரத்தின் முன்னர் நடிகர் பெயர் சில கணங்களிலே நினைவினின்றும் நழுவிவிடுகின்றது. நாற்பது வயதையும் எட்டாத ஜக்கோபி, இளைஞன் முதல் அறுபது கடந்த முதியவன்வரை ஒருவனையே காட்டியதும் இத்தகையதே. திக்குவாயும் நொண்டலும் அவர்க்கு வெறும் வேடமாக நிற்கவில்லை. அறிவுடையான் ஒருவன் உயிர் தப்புதற்கு அணிந்த கவசமாகின்றன. இதற்கு மாறாக, வேடத்தின் கீழிருந்து நடிகன் மட்டுமே நம்மை நோக்குவானாயின், குற்றம் நம் நினைவாற்றலினுடையதன்று, நடிப்பினுடையது.

ஒரு பயன் இன்னும் எஞ்சியுள்ளது. நாடகத்தின் இறுதிப் பகுதியில், முதுமையுற்ற கிளாடியஸ் செனற் சபையில் இருக்கையில், இறந்துபோன தன் குடும்பத்தார் ஒவ்வொருவராகத் தோன்றி அவனோடு பேசுகின்றனர். அகஸ்ரஸ் வருகின்றான், லிவியா வருகின்றாள், தைபீரியசும் காலிகுலாவும் தாய் அந்தோனியாவும் வருகின்றனர். அன்று அக்காட்சி பாத்திரங்களின் மறைவை மட்டுமே குறித்தது. தைபீரியசாக நடித்த பேக்கரும் அந்தோனியாவாக நடித்த மாகிறட் ரைசாக்கும் 2011இலும், காலிகுலாவாக நடித்த ஹேர்ட் 2017இலும் காலமாயினர். எனவே, இன்று அதனைக் காண்போன் இருவகை மறைவை ஒருங்கே காண்கின்றான். உரோமர் மறைந்தனர், அவர்க்கு உயிர் கொடுத்தோருள்ளும் பலர் மறைந்தனர். ஆயினும் இருசாராரும் அந்த ஒரே முகத்தில் நம்முன் எழுந்து பேசுகின்றனர். வரலாறு என்பது இறந்தோரை மீண்டும் எதிர்கொள்ளுதல் என்பதைப் பன்னூல்கள் கூறும். பழகிய முகத்தைத் திரையில் இனங்காணும் எளிய மகிழ்ச்சி, அவ்வுண்மையை நூலின் துணையின்றியே நமக்கு உணர்த்திவிடுகின்றது.