சக்கரம் கழற்றிய வீட்டில் மூன்று குளிர்காலங்கள்

ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரத்துக்கு வெளியே மக்காச்சோள வயல்களை ஒட்டியிருக்கும் ஒரு குடியிருப்பில், 14 அடி அகலமும் 70 அடி நீளமும் கொண்ட பழைய மொபைல் ஹோம் ஒன்றை 21,000 டாலர் ரொக்கமாகக் கொடுத்து வாங்கி, சொந்த வீட்டுக்கு முன்பணம் சேர்த்துவிடவேண்டும் என்ற ஒரே சங்கல்பத்தோடு, நானும் என் மனைவியும் மூன்று குளிர்காலங்களை அதில் கழித்தோம். அதே யோசனையில் இருக்கும் நண்பர்கள் சிலர் அடிக்கடி விசாரிப்பதால், அதன் குணதோஷங்களை அநுபவத்தில் கண்டபடி எழுதுகிறேன்.

பெயரைக் கேட்டவுடன் ஊர் ஊராகச் சஞ்சரிக்கும் வண்டி என்று தோன்றினாலும், உண்மையில் இது தொழிற்சாலையில் முழுமையாகக் கட்டப்பட்டு, நீண்ட இரும்புச் சட்டகத்தோடு லாரியால் இழுத்துவரப்பட்டு, சிமெண்டுக் கற்களை அடுக்கிய தூண்கள்மீது ஒருமுறை ஏற்றி வைக்கப்பட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அங்கேயே நின்றுவிடும் வீடு. சக்கரங்களைக் கழற்றினாலும் சட்டகத்தைக் கழற்றுவதில்லை. 1974-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி மத்திய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை வகுத்த கட்டுமான விதிகள் 1976 ஜூன் 15 முதல் அமலில் இருக்கின்றன. அதற்குப் பின் கட்டப்பட்ட ஒவ்வொரு வீட்டின் வெளிச்சுவரிலும் உள்ளங்கைக்கு அடங்கும் சிவப்பு உலோகத் தகடு ஒன்று பதிந்திருக்கும். 1992-இல் ஆண்ட்ரூ புயல் ஃப்ளோரிடாவில் இத்தகைய வீடுகளைச் சின்னாபின்னமாக்கியதன் விளைவாக, 1994-இல் காற்றைத் தாங்கும் விதிகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. எங்களுடையது 1998-இல் கட்டப்பட்டது. தகடு இல்லாத வீட்டை, விலை எவ்வளவு சகாயமாக இருந்தாலும், நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

வாங்கப் போகிறவர் முதலில் பரீட்சிக்க வேண்டியது சமையலறையின் பளபளப்பையல்ல, தரையை. இந்த வீடுகள் பலவற்றில் தரை மரத்தூளை அழுத்திச் செய்த பலகை; ஒருமுறை நீர் ஊறினால் ரொட்டியைப்போல் உப்பி, பிறகு பலம் இழந்துவிடும். ஆகையால் குளியல் தொட்டியின் முன்னும், கழிப்பறைப் பீங்கானைச் சுற்றியும், வாசற்படியின் உட்புறத்திலும் குதிகாலை ஊன்றி நின்று பார்க்கவேண்டும். எங்கள் வீட்டில் தொட்டியின் முன்பு ஒரு முழ இடம் குதிகாலுக்கு மெத்தென்று இணங்கிற்று; அதைக் காட்டித்தான் விலையில் ஆயிரம் டாலர் குறைத்தோம். அடுத்தபடியாக, கொத்தனார் கையில் வைத்திருக்கும் ரசமட்டத்தைக் கூடத்தின் நடுவிலும் இரு கோடியிலும் வைத்துப் பார்த்தேன். மேற்குக் கோடியில் குமிழி நடுக்கோட்டை விட்டு விலகி நின்றது. படுக்கையறைக் கதவு தானாகத் திறந்துகொண்டு நிற்பதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. மண் ஈரத்தில் இளகி, உறைந்து, மறுபடி இளகும் பிரதேசத்தில் தூண்கள் சிறிது இறங்குவது சகஜம். ஜாக்கி கொடுத்துத் தூக்கி ஆப்பு வைத்து மட்டம் பார்க்கும் ஆட்கள் ஒரே நாளில் சரிசெய்துவிட்டார்கள்.

உள்ளே குறை சொல்ல அதிகம் இல்லை. சமையலறை விசாலம், ஜன்னல்கள் தாராளம், கூரை மெல்லியதாதலால் மழை விழும் சப்தம் மட்டும் பேச்சை அடக்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது வெப்பக் காற்று தரைத் துவாரங்களின் வழியாக மேலே வரும் ஏற்பாடு. ஜனவரி மாதத்தில் இட்லி மாவு புளிக்காமல் கஷ்டப்படும் நம் பெண்மணிகளுக்கு இதன் அருமை தெரியும். துவாரத்துக்கு அருகே பாத்திரத்தை வைத்து மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டால், காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது குளிர்காலத்தில், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 17 டிகிரி செல்சியஸ் இருந்த ஓர் இரவில், "என்னங்க, குழாயில தண்ணி வரலை" என்று மனைவி எழுப்பினாள். வீட்டின் அடிவயிற்றில் மண்ணிலிருந்து எழும்பும் நீர்க்குழாயைச் சுற்றி, அது உறையாமல் காக்கும் மின் சூட்டு நாடா சுற்றப்பட்டிருக்கும். அதற்கு மின்சாரம் தரும் சாக்கெட்டும் கீழேயே இருக்கும். வீட்டைச் சுற்றிய பாவாடைபோன்ற பிளாஸ்டிக் தட்டி ஒன்றைக் கழற்றி, டார்ச்சோடு வயிற்றால் ஊர்ந்து உள்ளே சென்றபோது, நாடாவின் நுனியில் எரியவேண்டிய சிறு விளக்கு அணைந்திருப்பதைக் கண்டேன், சாக்கெட் செத்துப்போயிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து கம்பி இழுத்து, தலைமுடி உலர்த்தும் கருவியால் குழாயைச் சுமார் நாற்பது நிமிஷம் காய்ச்சிய பிறகு நீர் கரகரத்து வந்தது. அங்கே பஞ்சுக் காப்பும் பிளாஸ்டிக்கும் மண்டிக்கிடப்பதால் எக்காரணம் கொண்டும் தீச்சுடரைக் குழாயருகே கொண்டுபோகக்கூடாது. குளிர்காலம் தொடங்குமுன் அந்தச் சிறு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. சுழற்காற்று எச்சரிக்கைச் சங்கு ஊதும்போது இந்த வீட்டுக்குள் தங்குவதும் கூடாது. பலமான கட்டடம் எது, எத்தனை நிமிஷ நடை என்பதை முதல் நாளே நடந்து பார்த்துவிடவேண்டும்.

இனிப் பணக் கணக்கு. அடுக்ககத்தில் மாதம் 1,450 டாலர் வாடகை கொடுத்துவந்தோம். இங்கே வீடு எங்களுடையது. மனைக்கு மட்டும் வாடகை, முதல் வருஷம் மாதம் 430, அடுத்த வருஷம் 465, மூன்றாவது வருஷம் 510. ஆக மூன்று வருஷங்களில் மிச்சம் 35,340 டாலர்; பழுது, வரி, காப்புறுதிக்கு 5,800 போயிற்று; விற்றபோது 4,500 நஷ்டம். கைக்கு நின்றது ஏறக்குறைய 25,000. நாங்கள் வாங்கிய வீட்டின் முன்பணத்தில் பெரும்பகுதி அதுவே.

இந்தக் கணக்கு பலித்ததற்குக் காரணம் நாங்கள் கடன் வாங்காததுதான். மனை சொந்தமில்லாத இத்தகைய வீட்டை வங்கிகள் ஸ்தாவர சொத்தாக ஏற்காமல், காரைப்போல் ஜங்கம சொத்தாகவே பாவிக்கின்றன. ஆகவே வட்டி அதிகம், தவணைக்காலம் குறைவு. புதிய வீட்டைக் கடனில் வாங்குகிறவர் ஒருபுறம் மதிப்பு இறங்குவதையும், மறுபுறம் மனை வாடகை ஏறுவதையும் ஒருசேரத் தாங்கவேண்டும். வாடகை பிடிக்கவில்லையென்று வீட்டைத் தூக்கிக்கொண்டு போகலாமே என்றால், கட்டவிழ்த்து, இழுத்து, வேறிடத்தில் மறுபடி நிறுத்துவதற்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். பழைய வீடுகளைப் பல குடியிருப்புகள் ஏற்பதுமில்லை. எங்கள் பக்கத்து மனையில் இருபது வருஷமாக வசித்த மூதாட்டி, ஒவ்வொரு ஜனவரியிலும் வரும் உயர்வுக் கடிதத்தைப் பிரிக்குமுன் சற்று நேரம் கையிலேயே வைத்திருப்பார். அவருடைய வீட்டில் ஒரு குறையும் இல்லை. ரசமட்டத்தின் குமிழி நடுவிலேயே நின்றது.

ரொக்கமாக வாங்கத்தக்க பழைய வீடு, இரண்டு மூன்று வருஷத்தில் கிளம்பும் தீர்மானம், இரண்டும் உள்ளவருக்கு இதை மனப்பூர்வமாகச் சிபாரிசு செய்கிறேன். ஆனால் வீட்டைப் பார்க்கப் போகுமுன், அந்தக் குடியிருப்பில் கடந்த ஐந்து வருஷங்களில் மனை வாடகை எப்படி ஏறியது என்று அங்கே வசிப்பவர் இருவரையாவது கேளுங்கள். நான் அதைக் கேட்டது கையெழுத்துப் போட்ட பிறகுதான்.