கடைச் சிப்பந்தியும் நாவலும்

மலாயாத் தமிழர் வாழ்வை எழுதப் புகுந்தவர்களில் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டத்தின் வழியாகவே அதனுள் நுழைந்தனர். பெரட்டுக் களமும் பால் வாளியும் லயத்து வீடும் கதைகளில் இடம்பெற்ற அளவுக்குக் கல்லாப் பெட்டி இடம்பெறவில்லை. இதில் வியப்பில்லை. தோட்டத்தில் கூட்டம் இருந்தது, கங்காணி இருந்தான், கொடுமை கண்ணுக்குத் தெரிந்தது. கடைக்குள் நுழைபவர் கண்ணில் படுவதோ சரக்கு ஒன்றே.

தெலுக் இந்தான் இதற்கு நல்ல சான்று. 1982 வரை தெலுக் ஆன்சன் என்று வழங்கிய அவ்வூர் பேராக் ஆற்றங்கரைத் துறைமுகமாக வளர்ந்தது. 1893-இல் தாப்பா ரோட்டிலிருந்து இரயிலும் வந்தது. சுற்றிலும் ஜெண்டராத்தா முதலிய தோட்டங்கள், நடுவே கடைத்தெரு. அங்கே 1885-இல் எழுந்த சாய்ந்த கோபுரம் தண்ணீர்த் தொட்டியும் மணிக்கூண்டும் ஒருங்கே ஆனது. நாளெல்லாம் பொழுது போகாமல் நிற்கும் கடையாளுக்கு எதிரே ஒரு மணிக்கூண்டு! கதாசிரியன் தேடி அலைந்தாலும் இப்படி ஓர் அமைப்புக் கிட்டாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபின், தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பட்டணத்துக் கடைகளிலும் பேரங்காடிகளிலும் வேலைக்கு அமர்ந்தனர். வாழ்வு இடம் மாறிய வேகத்தில் கதை இடம் மாறவில்லை.

கடையாளின் மனத்தை ஊன்றிப் பார்த்த தமிழ் நாவல் அறவே இல்லை என்பதற்கில்லை. ப. சிங்காரத்தின் "கடலுக்கு அப்பால்" (1959) பினாங்கில் நிகழ்வது. ஆசிரியர் 1938-இல் சுமத்திராவின் மேடானுக்குச் சென்று வட்டிக்கடையில் பணியாற்றியவர். வட்டிக்கடை வேறு, மளிகைக்கடை வேறு என்பது உண்மையே. ஆனால் முதலாளியின் முகக்குறிப்பறிந்து, ஒரே பலகையண்டை ஆண்டுகளைக் கழிக்கும் ஆளின் நிலை இரண்டிலும் ஒன்றுதான். பெட்டியடிப் பையன், அடுத்த ஆள், மேலாள் என்று படிகள் உண்டு. ஒரு படியிலிருந்து மறுபடிக்கு ஏற எத்தனை வருஷம் பேரேட்டுக்கு முன் குனிந்திருக்க வேண்டும் என்பதே அங்கே வாழ்க்கைக் கணக்கு.

அக்கதையின் நாயகன் செல்லையா இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தியவன். போர் முடிந்து அதே கடைக்குத் திரும்புகிறான். முதலாளி வானாயீனா அவனுக்குத் தம் மகள் மரகதத்தைக் கொடுக்க முன்பு எண்ணியிருந்தவர்; இப்போது மறுத்துவிடுகிறார். அவன் திருடவில்லை, கணக்கில் தவறவில்லை. பட்டாளத்துக்குப் போனவனிடம் வட்டித் தொழிலுக்கு வேண்டிய பணிவும் பொறுமையும் தங்கா என்பது அவர் முடிபு. அவரைக் கொடியவராகத் தீட்டாதது ஆசிரியரின் பெருமை. தம் தொழில் எத்தகைய மனிதனைக் கேட்கிறது என்பதை அவர் நன்கறிவார். கடை வேண்டுவது உழைப்பை மட்டும் அன்று, ஒடுங்கிய ஆளையே. செல்லையாவின் துயரத்தை வெறும் காதல் தோல்வியாகப் படிப்போர் நாவலில் பாதியைத்தான் படிக்கின்றனர்.

ஆயினும் குறை ஒன்று உண்டு. பெட்டியடியின் சலிப்பைத் தொட்டுக் காட்டியதும் ஆசிரியர் போர்க்களத்துக்குத் தாவிவிடுகிறார். அவர்க்கே கடையில் இருப்புக் கொள்ளவில்லை போலும்!

பின்னாளில், 2010-இல், வசந்தபாலனின் "அங்காடித் தெரு" திரைப்படம் சென்னை இரங்கநாதன் தெருவின் துணிக்கடைச் சிப்பந்திகளைக் காட்டியது. அடியும் வசவும் விடுதி நெரிசலும் அதில் மறக்க முடியாதவை. நாள் முழுதும் நிற்கும் கால்களை அப்படம் பலர்க்கு உணர்த்தியது. கடை ஊழியர்க்கு இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டம் திருத்தின. இங்கிலாந்தில் கடைப் பெண்களுக்கு 1899-இலேயே அத்தகைய சட்டம் வந்துவிட்டது. நாற்காலி நியாயமான உரிமை. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் பினாங்குப் பெட்டியடிப் பையன் நாள் முழுதும் உட்கார்ந்தேதான் இருந்தான்! அவன் நோய் காலில் இல்லை.

அந்நோயை எழுதுவது எளிதன்று. திரைப்படம் இறுதியில் ஒரு கோரமான விபத்தை நாடுகிறது. பிரெஞ்சு ஆசிரியர் ஜோலா 1883-இல் பாரிஸ் பேரங்காடி ஒன்றை நாவலாக்கினார். அதில் கடைப்பெண் தெனீஸ் முதலாளியையே மணக்க இசைகிறாள். எச். ஜி. வெல்ஸ் இளமையில் ஜவுளிக்கடையில் தொழில் பழகி வெறுத்தவர். 1905-இல் வந்த "கிப்ஸ்" நாவலில் தம் கடைப்பையனுக்குப் பாட்டனார் சொத்தைக் கொடுத்து விடுவித்தார். விபத்து, கல்யாணம், சொத்து—கடையைவிட்டு வெளியேற ஆளுக்கு ஒரு கதவு. சிங்காரம் ஒருவரே அத்தகைய கதவைத் திறக்கவில்லை. செல்லையாவுக்கு மரகதமும் இல்லை, பெருஞ்செல்வமும் இல்லை.

எழுதப்படாமல் நிற்பது கதவு திறவாத அந்தப் பகற்பொழுதுதான். மலேசியாவில் 48 மணியாக இருந்த சட்டப்படியான வார வேலை நேர வரம்பு 2023 தொடக்கத்தில் 45 ஆயிற்று. அந்த 45-இல் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் தெருவில் வெயில் ஏற, வாடிக்கைக்காரர் எவரும் வாராத மணிகளும் அடக்கம். அடுக்கிய பால் டின்னை இறக்கித் துடைத்து மீண்டும் அடுக்கவேண்டும். முதலாளி பார்க்கும்போது கை சும்மா இருக்கலாகாது. மாலையில் வருபவர் விலை கேட்பார், எதிர்க்கடை விலையைச் சொல்வார், வாங்காமலும் போவார். அவரை நோக்கிச் சிரிக்கவேண்டும். இரவில் கல்லாவில் இரண்டு வெள்ளி குறைந்தால் யார் கை என்ற கேள்வி எழும். கதவை இழுத்துப் பூட்டிய பிறகும், அவ்விரண்டு வெள்ளி எங்கே போயிற்று என்று பேருந்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பாள் ஒருத்தி.