வண்டிக்காரனின் சப்பாத்து

வின்சென்ட் வான்கோ 1886 இல் பரிஸில் வரைந்த சப்பாத்து ஓவியம் நமது சிற்றிதழ்களில் அவ்வப்போது தலைகாட்டும் ஒன்று. ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைவிட, அதைப் பற்றி மார்ட்டின் ஹைடெக்கர் பேசியதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே பொருந்தும். தமிழகத்து நண்பர்கள் இதனைக் ‘காலணிகள்’ என்று எழுதுவார்கள். நமக்கு வாயில் வருவது சப்பாத்துத்தான். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். சிங்களத்திலும் அதுவே வழங்குகிறது. செருப்பு வேறு, சப்பாத்து வேறு என்பது நமது பிள்ளைகளுக்கும் தெரியும். நேர்முகப் பரீட்சைக்கும் நியமனத்துக்கும் கலியாணத்துக்கும் உரியது சப்பாத்து. காலணி என்ற பொதுச்சொல்லில் இந்த வேறுபாடு கரைந்துபோகிறது. ஆகவே நான் சப்பாத்து என்றே எழுதுகிறேன்.

விவாதத்தை அறிந்தவர்களுக்கு ஒரு சுருக்கம் போதும். 1935, 1936 ஆம் ஆண்டுகளில் கலைப்படைப்பின் மூலம் பற்றி நிகழ்த்திய உரைகளில் ஹைடெக்கர் இதனை ஒரு குடியானவப் பெண்ணின் சப்பாத்தாகக் கண்டார். அதன் தேய்வில் வயலும் உழைப்பும் மண்ணின் அழைப்பும் தெரிவதாக உருகினார். 1968 இல் அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷாப்பிரோ மறுத்தெழுதினார்: நகரத்தில் வாழ்ந்த ஓவியனின் சொந்தச் சப்பாத்து இது, குடியானவப் பெண்ணுக்கு இதில் இடமில்லை என்றார். 1978 இல் தெரிதா இருவரையும் ஒன்றாக நிறுத்தி விசாரித்தார். இதனை யாருக்காவது திருப்பிக் கொடுத்துவிட ஏன் இத்தனை அவசரம்? இது ஒரு சோடிதான் என்று யார் சொன்னது? இரண்டும் இடதுகால் சப்பாத்தாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கேள்விகள் கூர்மையானவை. எனினும் பக்கங்கள் நீண்டுகொண்டே போகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தப் பெரும் விவாதத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சாட்சியம் கிடக்கிறது. கோர்மோனின் கலைக்கூடத்தில் வான்கோவுடன் பயின்ற பிரான்சுவா கௌஸி தமது நினைவுகளில் சொல்லியிருப்பது அது. பழைய சாமான் சந்தையில் வான்கோ ஒரு சோடிப் பழைய சப்பாத்தை வாங்கினாராம். வண்டிக்காரர் அணியும் தடித்த வகை. ஆனால் சுத்தமாகத் துடைத்துப் புதிதாகப் பொலிஷ் போடப்பட்டிருந்தது. ஒரு மழை நாளில் அதை மாட்டிக்கொண்டு நகரத்தின் பழைய அரண் ஓரமாக நடந்து வந்தாராம். சேறு படிந்த பிறகுதான் அது வரைவதற்குத் தகுந்ததாக அவருக்குப் பட்டது.

அறிஞர்கள் அறியாத செய்தியல்ல இது. ஆயினும் இதனை உரிய இடத்தில் வைத்துப் பார்த்தால் விவாதத்தின் அடித்தளமே ஆடுகிறது. சப்பாத்துக்கு முதலில் ஒரு கால் இருந்தது. பெயர் தெரியாத அந்தக் கால் அதைத் தேய்த்துக் கழற்றியது. பிறகு சந்தைக்காரன் ஒருவன் துடைத்து மினுக்கினான். அதன் பின்பே வான்கோவின் கால் அதனுள் நுழைந்தது. ஹைடெக்கர் அதனை வயலுக்கு அனுப்பினார். ஷாப்பிரோ ஓவியனிடம் ஒப்படைத்தார். வண்டிக்காரன் வெறுங்காலோடு நிற்கிறான்.

பழைய சப்பாத்தை வாங்கி அணிவது வான்கோவோடு முடிந்த காரியமல்ல. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆண்களின் பழைய தோல் சப்பாத்துகளைத் தேடிச் சேர்த்து அணிகின்றவர்கள் இருக்கிறார்கள். தர்மக் கடைகளிலும் இறந்தவரின் வீட்டுச் சாமான்களை விற்கும் இடங்களிலும் அவர்கள் தேடுகிறார்கள். சிக்காகோவில் 1892 இல் தொடங்கிய ஃப்ளோர்ஷைம் கம்பனியின் ‘இம்பீரியல்’ வகை அவர்களிடையே பேர்பெற்றது. அவர்கள் சப்பாத்தைக் கையில் எடுத்ததும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார்கள். குதியில் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் உலோகத் தகடு உண்டா, ஆணிகள் எத்தனை, தையல் எப்படிப் போகிறது என்று பார்ப்பார்கள். பிறகு உட்புறத்தில் அச்சிட்டிருக்கும் இலக்கங்களைக் கொண்டு காலத்தைக் கணிப்பார்கள். மேல்தோல் குதிரையின் பின்புறத்திலிருந்து எடுத்த கோர்டோவன் என்றால் முகம் மலரும். சிக்காகோவின் ஹோர்வீன் தோல் ஆலையில் அதனைப் பதனிட ஆறு மாதமாவது பிடிக்கும். மாட்டுத்தோல் மெல்லிய கோடுகளாகச் சுருங்கும்; இதுவோ அலை அலையாக மடியும்.

இவர்களைப் பணக்கார விளையாட்டுக்காரர் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் எந்தத் தத்துவவாதியும் வான்கோவின் சப்பாத்திடம் கேளாத கேள்வியை இவர்கள் கேட்கிறார்கள்: இது எப்படித் தைக்கப்பட்டது? அந்தக் கேள்விக்குள் பெரிய விடயம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய குட்இயர் வெல்ட் முறையில், மேல்தோலையும் உள்ளடித்தோலையும் ஒரு தோல் பட்டியோடு சேர்த்துத் தைப்பார்கள். வெளியடித்தோலை அந்தப் பட்டியில் மட்டும் தைப்பார்கள். நடுவிலுள்ள பள்ளத்தைத் தக்கையால் நிரப்புவார்கள். ஆகவே தேய்ந்த அடித்தோலைக் கழற்றிவிட்டுப் புதியதைத் தைக்கலாம். மேற்பகுதிக்கு ஊறு வராது. தக்கையையும் மாற்றலாம். உள்ளடித்தோல் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருந்துவிடும். முதலில் அணிந்தவரின் குதியும் விரல்களும் அழுத்திய குழிகள் அதில்தான் இருக்கின்றன. இரண்டாமவர் எவ்வளவு பொலிஷ் போட்டாலும் அந்தக் குழிகளின் மேல்தான் நடக்க வேண்டும்.

இதனைப் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. ஆசிரிய கலாசாலையில் எனக்கு முந்திய அணியினர் பயிற்சி முடித்துப் போகும்போது, ஒரு நானா தமது கறுப்புச் சப்பாத்தை எனக்குத் தந்துவிட்டுப் போனார். கற்பித்தல் பயிற்சிக்கு இரண்டு வருடமும் அதையே போட்டேன். அளவு சரிதான். ஆனால் என் சின்னவிரல் அவருடைய சின்னவிரல் குழியில் இறங்கவே மறுத்தது. அவர் இடப்புறம் சாய்ந்து நடப்பவர் என்பதை அவரோடு இருந்த காலத்தில் நான் கவனித்ததில்லை. அவருடைய குதி தேய்ந்திருந்த விதத்தில்தான் அறிந்தேன். ஜும்ஆ முடிந்து பள்ளிப் படியில் ஒரே மாதிரியான ஐம்பது செருப்புகளுக்குள் நம்முடையதைக் காலாலேயே கண்டுபிடிக்கிறோமே, அதே அறிவுதான்.

இந்த இடத்தில்தான் நமது விமர்சனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மண்வாசனை என்ற சொல் 1960களிலிருந்து ஈழத்துத் தமிழ் விமர்சனத்தில் புழங்குகிறது. அக்காலத்தில் அதற்கு ஒரு தேவை இருந்தது. தென்னிந்திய மாதிரிகளை விட்டு நம் ஊரையும் பேச்சையும் எழுத வேண்டும் என்று சொல்ல அது உதவியது. இப்போது அது ஒரு முத்திரை. கிராமத்தான் எழுதிய கதையில் சேறும் வரம்பும் வட்டார வழக்கும் இருந்தால் ‘மண் மணக்கிறது’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறோம். கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று யாரும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. ஹைடெக்கரின் குடியானவப் பெண்ணை மேற்கோள் காட்டுகின்ற நண்பர்கள் பெரும்பாலும் இந்த முத்திரைக்குத் தத்துவத் துணை தேடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

கௌஸியின் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டால், அந்தச் சேறு வயற்சேறல்ல. ஓவியன் தேடிப்போய்ப் பூசிக்கொண்ட நகரத்துச் சேறு. அதனால் ஓவியம் பொய்யாகிவிடாது. வான்கோ ஏமாற்றவில்லை, நடந்திருக்கிறார். அந்நியனின் குழிகளில் தன் காலை வைத்து, மழையில் நடந்து, அதன் பிறகு வரைந்திருக்கிறார். நல்ல எழுத்தாளன் ஒருவன் தான் வாழாத வாழ்க்கையை எழுதும்போது செய்வதும் ஏறக்குறைய இதுதான். நாம் பாராட்ட வேண்டியது அந்த நடையை. பாராட்டிக்கொண்டிருப்பதோ சேற்றை. கிராமத்தில் இருபது வருடங்களுக்கு மேலாகப் படிப்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்களூரில் எவரும் சேற்றைக் காட்டுவதற்காக வைத்துக்கொள்வதில்லை. கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறோம். சந்தைக்கு வந்த அந்தச் சப்பாத்துங்கூடப் பொலிஷ் போட்டுத்தான் வந்தது.

சேகரிப்பாளர்களிடமும் குறையுண்டு. கடையிலிருந்து வந்தபடியே, எவர் காலும் படாமல் அரை நூற்றாண்டு பெட்டியில் கிடந்த சப்பாத்துக்குச் சிலர் அதிக விலை கொடுக்கிறார்கள். வாங்கியதை மீண்டும் பெட்டியிலேயே வைத்துவிடுகிறார்கள். எண்ணெய் காணாமல் நெடுங்காலம் உலர்ந்த தோல், முதன்முதலாக நடக்கும்போது விரல் மடிகின்ற இடத்தில் வெடித்துவிடுவதுண்டு. அன்டி வோர்ஹோல் 1980 இல் செய்த ‘வைரத்தூள் சப்பாத்துகள்’ எனக்கு இந்தப் பெட்டிச் சப்பாத்தை நினைவூட்டுகின்றன. ஃபிரெட்ரிக் ஜேம்சன் 1984 இல் அவற்றை வான்கோவின் சப்பாத்தோடு ஒப்பிட்டு, பின்நவீனத்துவத்தின் ஆழமின்மைக்கு அடையாளமாக்கினார். ஒப்பீடு பொருத்தமானதே. ஆனால் ஜேம்சனும் வான்கோவின் பக்கத்தில் குடியானவ உலகத்தையே வைத்துக்கொண்டார். வண்டிக்காரன் அங்கும் வரவில்லை.

ஆம்ஸ்டர்டாமிலுள்ள 1886 ஆம் ஆண்டு ஓவியத்தில் சப்பாத்துகள் நிமிர்ந்து நிற்கின்றன; அடித்தோல் நமக்குத் தெரிவதில்லை. 1887 இல் வான்கோ இன்னொரு சோடியை வரைந்தார். அமெரிக்காவின் பல்ட்டிமோர் கலைக்கூடத்தில் இருக்கிறது அது. அதில் ஒன்றை அவரே கவிழ்த்து வைத்திருக்கிறார். அடித்தோல் முழுவதும் ஆணித் தலைகள். அவற்றை ஒவ்வொன்றாக எண்ணலாம்.