மரத்தை மறவாத கல்

சிதம்பரம் நடராசர் கோயிலுக்குச் செல்வோர் பொன் வேய்ந்த கூரையையும், கோபுர வாயில்களிலுள்ள 108 கரணச் சிற்பங்களையும் வியந்து திரும்புவர். என்னை நிறுத்துவதோ நிருத்த சபை. அதன் அடித்தளத்தில் கல்லால் ஆன சக்கரங்களும் குதிரைகளும் உள்ளன. "ஓடாத தேருக்குச் சக்கரம் எதற்கு, சாமி?" என்று கடலூரிலிருந்து உடன் வந்த பங்கு இளைஞர் ஒருவர் கேட்டார். கட்டடத்தில் அலங்காரத்திற்கு என்ன பொருள் என்பதே அக்கேள்வியின் உட்கிடை.

இதே கேள்வியைக் கிரேக்கக் கோயில்களிடமும் கேட்கலாம். ஏதென்சு நகரின் பார்த்தினன் கோயில் கி.மு. 447 முதல் 432 வரை கட்டப்பட்டது. அதன் தூண்களுக்கு மேலே, மும்மூன்று பட்டைகளாகச் செதுக்கிய கற்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் அடியில் சிறு குமிழ்கள். மர உத்திரங்களின் முனைகளை மறைத்த பலகைகளே கல்லில் இவ்வடிவம் பெற்றன என்றார் உரோமைக் கட்டடக் கலைஞர் வித்ருவியுஸ். குமிழ்களை மர ஆணிகளின் சாயல் என்பர். இக்கருத்தை மறுக்கும் அறிஞரும் உளர். எனினும், ஒலிம்பியாவிலுள்ள ஏரா கோயிலில் கற்றூண்களிடையே கருவாலி மரத்தூண் ஒன்று எஞ்சியிருந்ததைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பவுசானியாஸ் பதிவு செய்துள்ளார். மரம் கல்லுக்கு இடம்விட்ட காலத்திற்கு அத்தூண் சான்று.

நம் சிற்பியரும் மரத்தை மறக்கவில்லை. ஆவுடையார்கோயிலின் கொடுங்கையில், மரச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் ஆணித் தலைகளும் கல்லிலேயே வடிக்கப்பட்டுள்ளன. கிரேக்கர் மரத்தின் அளவையும் ஒழுங்கையும் காத்தனர். நம்மவர் ஆணியையும் விடவில்லை. இதில் ஒரு குறையும் உண்டு: ஆணியை வியக்கும் கண் கூரையை மறந்துவிடுகிறது. சிதம்பரத்தில் அக்குறை இல்லை. கல் மண்டபங்களின் நடுவே சிற்றம்பலம் இன்றும் மரத்தால் ஆனதாகவே நிற்கிறது. ஆனியிலும் மார்கழியிலும் மரத்தேர்கள் வீதியில் ஓடுகின்றன. ஆகவே நிருத்த சபையின் கற்சக்கரம் பொய்யன்று. அதன் உறவு வீதியில் உருள்கிறது.

இதை எழுதத் தூண்டியது எங்கள் பங்கின் நிலை. ஆலய முகப்பைப் புதுப்பிக்க வந்த வரைபடத்தில் கிரேக்கப் பாணியில் நான்கு சிமெண்டுத் தூண்கள் இருந்தன. முதலில் நானும் மயங்கினேன். பிறகு பார்த்தால், அவை உள்ளீடற்றவை. மேலே தாங்குவதற்கு எதுவுமில்லை. நம் மண்ணின் எந்த நினைவும் அவற்றில் இல்லை. அவற்றிற்கு இடம் தருவதற்காக, மக்கள் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிய ஓட்டுத் தாழ்வாரத்தை இடிக்க வேண்டுமாம்.

அலங்காரம் ஒன்றைத் தாங்க வேண்டும். இல்லையேல் ஒன்றை நினைவுகூர வேண்டும். இரண்டும் இல்லாதது வெறும் பூச்சு. வரும் பங்குப் பேரவைக் கூட்டத்தில், தூண்களுக்கு ஒதுக்கிய பணத்தில் தாழ்வாரத்தின் மரச் சட்டங்களைச் செப்பனிடுவோம் என்று கேட்கவிருக்கிறேன். பலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். அவர்கள் ஒருமுறை சிதம்பரம் சென்று, அந்தச் சக்கரங்களைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.